பீட்டில்ஸ் கோஷ்டியின் பேஸ் கிடார்

லிவர்பூல் துறைமுக நகரில் தோன்றிய பீட்டில்ஸ் கோஷ்டியார் யார் யார் என்பதும், அவர்களுள் ஜார்ஜ் ஹாரிசன் ரவிசங்கரிடம் சிதார் பயின்றதும், 1968இல் அவர்கள் ரிஷிகேசத்துக்கு வந்து தங்கியதும், 1970இல் கோஷ்டி கலைந்ததும் தாங்கள் பலமுறை கேட்டிருக்கும் சங்கதிகள். தாம்பரம் ரயில் நிலையத்திலோ, கிறிஸ்தவக் கல்லூரி வாசலிலோ மாலை வேளையில் சற்று நின்றால், அந்த நால்வரும் வரிசையாகத் தெருவைக் கடந்து செல்லும் பிரசித்தமான படத்தைச் சட்டையில் தரித்த பிள்ளைகள் இன்றும் கண்ணில் படுகிறார்கள். அதில் எனக்குச் சந்தோஷமே. ஆயினும் அந்தக் கோஷ்டியின் நிலைத்த பிரபாவம் சட்டையிலும் இல்லை, சிகையிலும் இல்லை, சிதாரில்கூட இல்லை. அது பேஸ் கிடாரின் நான்கு தந்திகளில் இருக்கிறது என்பதே, அந்த வாத்தியத்தைப் புறநகர் மெல்லிசை மேடைகளில் வாசித்து ஜீவித்தவனாகிய என் திடமான அபிப்பிராயம்.

1961இல் ஹாம்பர்க் நகரில் அவர்கள் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில், பேஸ் வாசித்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப் ஓவியக் கலையை நாடி விலகிக்கொள்ள, அந்தப் பொறுப்பு பால் மக்கார்ட்னியின் மேல் வந்து சேர்ந்தது. அவர் இடக்கைக்காரர். வயலின் உருவத்தில் இரு புறமும் ஒத்திருக்கும் ஹோஃப்னர் வாத்தியத்தை அவர் வாங்கியதற்கு, விலை மலிவாக இருந்ததும், திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தோன்றாததுமே காரணங்கள். அந்நாளில் பேஸ் வாசிப்பவனுக்கு விதிக்கப்பட்ட வேலை, கார்டின் ஆதார சுரத்தையும் பஞ்சமத்தையும் மாற்றி மாற்றி மீட்டிக்கொண்டு ஓரமாக நிற்பது. டெட்ராய்ட் நகரத்து ஜேம்ஸ் ஜேமர்சன் என்னும் மகா வித்வானின் வாசிப்பைத் தட்டுகளில் கேட்டுக் கேட்டுப் பயன்பெற்ற மக்கார்ட்னி, ஒரு கார்டிலிருந்து அடுத்த கார்டுக்குப் போகும் வழியையே ஒரு பாட்டாக ஆக்கினார். இதைத்தான் நான் மீண்டும் மீண்டும் சொல்ல விரும்புகிறேன்: போகும் வழியையே பாட்டாக ஆக்கினார்.

1966இல் வந்த ‘ரெயின்’ என்ற பாட்டைக் கேளுங்கள். வாத்தியங்களை வேகமாக வாசித்துப் பதிவு செய்து, பிறகு நாடாவை மெதுவாக ஓட்டியதால் நாதத்துக்குக் கனம் கூடியிருக்கிறது; அந்தக் கனத்தின் நடுவே பேஸ், பாடுகிறவனோடு போட்டியிடாமலும் அவனுக்கு அடங்கிப்போகாமலும் சஞ்சரிக்கிறது. அதே தட்டின் மறுபுறப் பாட்டில், பேஸின் நாதம் குன்றாமல் விழவேண்டும் என்பதற்காக, மைக்கின் ஸ்தானத்தில் ஓர் ஒலிபெருக்கியையே வைத்துப் பதிவு செய்தார்கள். மறு ஆண்டு ‘சார்ஜண்ட் பெப்பர்’ தட்டு உருவானபோது, பல பாட்டுகளில் மற்ற வாத்தியங்கள் யாவும் பதிவான பின்னரே, பாட்டின் பூரண உருவத்தைக் கேட்டுக்கொண்டு, கடைசியில் தனியாக உட்கார்ந்து பேஸை வாசித்தார் மக்கார்ட்னி. 1969இல் வந்த ஹாரிசனின் ‘சம்திங்’ பாட்டில் இந்தச் சாதகம் முழுதும் பழுத்துவிட்டது. பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்தில் தொப்பியின் நாதத்தை அனுபவித்த ரசிகர்களுக்கு, கீழ் நாதம் என்பது வெறும் தாங்குகட்டை அன்று, அதுவும் வாய் திறந்து பேசும் என்பதை நான் விளக்கவேண்டியதில்லை.

எனக்கு இது புரிந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பரங்கிமலையில் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியரான ஓர் ஆங்கிலோ இந்தியப் பெரியவர் இருந்தார். அங்கிள் என்றே அவரை அழைப்போம். அவர் வீட்டு ரிக்கார்டு பிளேயரில் ‘சம்திங்’ ஓடும்போது நான் என் விரல்களையே பார்த்துக்கொண்டு வாசிப்பேன். “தம்பி, கையைப் பார்க்காதே, பாடுறவன் எங்கே மூச்சு விடுறான்னு கேளு, அங்கே நீ பேசு” என்றார். என் வாசிப்பு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தின்மேல் நிற்கிறது.

நம் திரைச் சங்கீதத்தில் இந்தத் தத்துவத்துக்குச் சிகரம் வைத்தவர் இளையராஜா. தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைச் சங்கீதம் கற்று, கிளாசிகல் கிடாரில் லண்டன் டிரினிட்டி பரீட்சையும் தேறி, 1976இல் ‘அன்னக்கிளி’யில் அறிமுகமான அவர், பேஸுக்கென்றே தனியாக சுரங்களை எழுதிக் கொடுத்தார், அவற்றுக்கு உயிர் கொடுத்தவர்களில் முதன்மையானவர் சசிதரன். ‘நினைவெல்லாம் நித்யா’ (1982) படத்தில் சலநாட்டை ராகத்தில் அமைந்த பாட்டைக் கேட்கும்போது, பாடகரை ஒரு முறை மறந்துவிட்டு, பேஸை மட்டும் பின்தொடருங்கள். இளையராஜா பீட்டில்ஸைப் பார்த்து எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. பாக் முதலான மேதைகளிடம் அவர் கற்றது அதிகம். ஆனால் கீழ்க்குரலுக்கும் ஒரு பாட்டு உண்டு என்று உலகத்தின் செவியைப் பழக்கியவர்கள் அந்த நால்வர். மறுபடியும் சொல்கிறேன்: கீழ்க்குரலுக்கும் ஒரு பாட்டு உண்டு.

அந்தக் கீழ்க்குரலைத்தான் இன்று நம் புறநகர் மேடைகள் துரத்திக்கொண்டிருக்கின்றன. பல்லாவரம் முதல் வண்டலூர் வரை கல்யாண மண்டபங்களிலும் கோயில் திருவிழாக்களிலும், கரோக்கே டிராக்கை ஓடவிட்டு இரண்டு பேர் பாடிவிட்டுப் போகிறார்கள். பாடகர் ஒரு சங்கதியை நீட்ட ஆசைப்பட்டாலும் டிராக் காத்திருக்காது. அவர் மூச்சு விடும் இடத்தில் பேச அங்கே ஆளும் இல்லை. கேட்பவர்களோ கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் பாட்டைக் கேட்டுப் பழகியவர்கள். அதில் பேஸின் கனம் கேட்பதே இல்லை, ஆகையால் மேடையில் அது இல்லாத குறையையும் அவர்கள் உணர்வதில்லை.

பீட்டில்ஸ் படம் போட்ட சட்டை அணியும் இளைஞர்களை நான் வேண்டிக்கொள்வது, அந்தப் பாட்டுகளை நல்ல ஹெட்போனில் ஒரு முறை கேட்க வேண்டும் என்பதே. இல்லத்தில் விசேஷம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: மெல்லிசைக் குழுவுக்கு அச்சாரம் கொடுக்கும்போது, பேஸ் வாசிப்பவர் வருகிறாரா என்று கேளுங்கள், வரவில்லை என்றால், அவரையும் அழைத்து வரச் சொல்லுங்கள்.