லாரி நிற்கும் இடம்

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பேரிடர் நிவாரணம் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் அரிசி லாரியைப் பற்றிப் பேசுகிறேன். அது எங்கே கிளம்புது, எங்கே நிக்குது என்பதுதான் என் பேச்சு.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. நாலாம் நாள் நாங்கள் சிலர் ஒரு வேனில் அரிசி, பாய், மெழுகுவர்த்தி ஏற்றிப் போனோம். ஊர் முகப்பில் மறித்தார்கள். அவங்களும் கூரை போனவங்கதான், அதை மறுக்கல. "சேரிக்கு வண்டி போவாது. இங்கயே இறக்குங்க, நாங்க பிரிச்சுக் குடுத்துக்கிறோம்" என்றார்கள். இறக்கினோம். பிறகு வாய்க்கால் தாண்டிச் சேரிக்கு நடந்து போனோம். ஒரு பாட்டி கேட்டார்: "வெறுங்கையோட வர்றதுக்கா தம்பி இவ்வளவு தூரம் வந்த?"

அதைக் கவிதையாக்கப் பார்த்தேன். வரவில்லை. அது கவிதைக்கான கேள்வி இல்லை, பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

2004இல் வெண்மணித் தியாகிகள் நினைவுநாளுக்கு மறுநாள் காலை சுனாமி வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அப்போதும் இதே கதை. படகு வைத்திருந்தவர் பாதிக்கப்பட்டவர் என்றார்கள். மீன் கூடை சுமந்தவர், உப்பளத்தில் கூலிக்குப் போனவர், உப்புநீர் ஏறிய வயலில் நடவு நட்டவர் எல்லாம் பல இடங்களில் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். முகாமிலும் குடிநீரிலும் தீட்டுப் பார்த்தது பதிவாகியிருக்கிறது. அலை சாதி பார்க்கவில்லை. பட்டியல் பார்த்தது.

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், பிரிவு 61, நிவாரணத்தில் சாதி, பால், மதப் பாகுபாடு கூடாது என்கிறது. நல்ல சட்டம். ஆனா சட்டத்துக்கு வாய்க்காலைத் தாண்டத் தெரியாது.

"அரசை நம்பலாமா? நாமே திரட்டிக் கொடுத்துடலாமே" என்று தோழர்கள் கேட்கிறார்கள். நாங்கள் திரட்டிய அரிசி எங்கே நின்றது என்று சொல்லிவிட்டேன். தர்மத்தைக் கேள்வி கேட்க முடியாது. அரசைக் கேட்கலாம், கோர்ட்டுக்கும் இழுக்கலாம். 1972இல் தொடங்கிய நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கிடங்குகள், ரேஷன் கடைகள், குடும்ப அட்டைகள் என்று இவ்வளவு பெரிய வலை வேறு யாரிடமும் இல்லை. அது அறுந்துபோவது கடைசி ஒரு மைலில். கடை ஊருக்குள்ளே, சேரி பள்ளத்திலே.

ஆகவே நம் கோரிக்கை பரிவு அல்ல, ஏற்பாடு. வடகிழக்குப் பருவமழைக்கு முன், அக்டோபருக்குள், சேரிக்குள்ளேயே மேடான பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ அரிசி, பருப்பு, எண்ணெய், விறகு இருக்கணும். லாரி போகாத தடத்துக்கு டிராக்டரையும் படகையும் முன்பே வாடகைக்குப் பேசி வைக்கணும். கரண்டும் சிக்னலும் இல்லாத நாளில் ரேகை வைக்கும் மிஷின் வேலை செய்யாது. நோட்டில் எழுதிக் கொடுக்க முன்கூட்டியே உத்தரவு வேணும். அட்டை இல்லாத இருளருக்கும் செங்கல் சூளைக் குடும்பங்களுக்கும் அதே அளவு அரிசி. முகாம் சமையலில் சேரிப் பெண்களும் கரண்டி பிடிக்கணும். பட்டியலைச் சேரிச் சுவரில் ஒட்டி, எழுத்து தெரியாதவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டணும்.

இன்னொன்று. நான் வங்கியில் குமாஸ்தா. சாயங்காலம் ரொக்கமும் புத்தகமும் ஒத்துப்போகாவிட்டால் எங்களில் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. பணத்துக்கு இருக்கும் இந்தக் கறார் சோற்றுக்கு ஏன் இல்லை? கிடங்கிலிருந்து போன மூட்டை எத்தனை, எந்தத் தெருவில் இறங்கியது எத்தனை, வாங்கியவர் கையெழுத்து எங்கே? "கிராமத்துக்கு வழங்கப்பட்டது" என்று எழுதினால் போதாது. கிராமம் என்றால் ஊரா, சேரியா?

மாணவர்களுக்கு ஒரு வேலை. லீவில் போகும்போது உங்கள் தாலுகாவில் கிடங்கு எது, கடை எது, சேரி எது, நடுவில் எந்த வாய்க்கால், எந்தப் பாலம் முதலில் முழுகும் என்று நடந்து பார்த்து வரைபடம் போடுங்கள். சேரிப் பெண்களிடம் கேளுங்கள், அவங்களுக்குத் தெரியும். அதை எடுத்துக்கிட்டு திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் முன் நில்லுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

அடுத்த புயலுக்கு இப்பவே பேர் வச்சாச்சு. அந்தப் பாட்டியின் தெருவுக்கு அரிசி போகும் வழியை அதற்குள் எழுதி வாங்கியாகணும்.