கை வைத்து ஆற்றுதலும் மகப்பேற்றுப் பணியும்



நம் சங்கத்தின் உதவித்தொகையில் பயின்று, இன்று ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிபுரியும் எம் பழைய மாணவி ஒருவர் அண்மையில் எம்மிடம் வந்தார். "ஐயா, ரெய்க்கி என்று ஒன்று கற்றுத் தருகிறார்களாம். வலி கண்ட பெண்களின் கவலையை அது போக்குமாம். என் சம்பளத்தில் பாதி கட்டணமாகப் போய்விடும். கற்கலாமா?" என்றார். அவருக்கு நாம் அளித்த விடையையே இவ்வவையில் சற்று விரித்துரைக்க விழைகின்றோம்.

ரெய்க்கி ஜப்பானில் தோன்றியது. உசுய் மிக்காவோ என்பார் 1922இல் இதனை வகுத்தார். உள்ளங்கைகளை உடலின்மீதோ சற்று மேலாகவோ வைத்து உயிராற்றலைச் செலுத்துவதாக நம்பும் முறை இது. அன்றன்றைக்குச் சினமும் கவலையும் இன்றி இருத்தல் அதன் நெறிகளுள் அடங்கும். அதனை ஜப்பானுக்கு வெளியே பரப்பியவர் ஹவாயோ தகாட்டா என்னும் அம்மையார். ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் உழைக்கச் சென்ற ஜப்பானியப் பெற்றோருக்கு 1900இல் பிறந்தவர். தோட்டக் கூலியின் மகள் என்றதும் நமக்கு ஒரு பரிவு தோன்றத்தான் செய்கிறது. ஆயினும் அவரே பிற்காலத்தில் ஆசிரியர் நிலைப் பயிற்சிக்கு 10,000 டாலர் கட்டணம் வைத்தார் என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை.

கைவழியே பாய்வதாகக் கூறப்படும் அவ்வாற்றலை எவரும் அளந்து காட்டியதில்லை. அது நோய் தீர்க்கும் என்பதற்கு உறுதியான சான்றும் இல்லை. அங்ஙனமாயின், கை பட்டதும் மனம் அமைதியுற்றது என்று பலர் கூறுவது பொய்யா? பொய்யன்று. அச்சம் உடலை இறுக்கும், இறுக்கம் வலியைப் பெருக்கும் என இங்கிலாந்து மருத்துவர் கிராண்ட்லி டிக் ரீட் 1933லேயே நூல் எழுதினார். 2017இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய 26 ஆய்வுகளை ஆராய்ந்தது. பிரசவம் முழுதும் ஒருவர் துணையிருந்தால் இயல்பான பேறு கூடுகிறது, அறுவை குறைகிறது என்று கண்டது. தாய் விரும்பும் ஒருவரை உடனிருக்க விடுமாறு 2018இல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது.

இத்துணையை நம் பெண்கள் எவரிடமும் பணம் கட்டிக் கற்க வேண்டியதில்லை. எம் பாட்டியார் ஊருக்கெல்லாம் பேறுகாலம் பார்த்தவர், எழுத்தறியாதவர். வலி கண்ட பெண்ணின் இடுப்பில் கை வைத்து, தாழ்ந்த குரலில் பேசியபடியே விடிய விடிய அமர்ந்திருப்பார். தொப்புள்கொடி அறுக்கவும் நஞ்சு புதைக்கவும் ஊருக்கு அந்தக் கை வேண்டியிருந்தது. குழந்தை பிறந்ததும் அவர் கொல்லைப்புறமாகவே வெளியேற வேண்டும். அவர் இருந்த இடத்தைச் சாணமிட்டு மெழுகுவார்கள். கூலி ஒரு முறம் நெல். சிறுவராயிருந்த நாம் அந்நெல்லைச் சுமந்து பின்னால் நடந்திருக்கின்றோம். நம்மவர் தொட்டால் தீட்டு, அயல்நாட்டுப் பெயரோடு வந்து தொட்டால் சிகிச்சை! இக்கசப்பை மறைத்துப் பேச எமக்குத் தெரியவில்லை.

எனினும், பாட்டியாரின் கையைப் புகழ்ந்து நிறுத்திவிடுவது நேர்மையாகாது. ஓர் இரவு, நஞ்சு விழுந்த பின்னும் குருதி நிற்கவில்லை. வயிற்றை நீவினார், தெய்வங்களையெல்லாம் அழைத்தார். வண்டி கட்டுவதற்குள் உயிர் பிரிந்தது. இறந்தவர் அவருடைய சொந்த மகள், எமக்குச் சின்னம்மா. அதன்பின் பாட்டியார் எந்த வீட்டுக்கும் பேறுகாலம் பார்க்கச் சென்றதில்லை. இன்று குழந்தை பிறந்தவுடன் தசையில் போடப்படும் 10 அலகு ஆக்சிடோசின் ஊசி அவ்விரவில் கிடைத்திருந்தால் சின்னம்மா பிழைத்திருக்கக்கூடும்.

ஆகவே மாணவியிடம் நாம் கூறியது இதுதான்: "கையை வை அம்மா, தயங்காதே. ஆனால் அரைமணிக்கொருமுறை குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்பதையும், இரத்த அழுத்தம் பார்ப்பதையும், ஊசியை எடுத்து வைப்பதையும் எந்த ஆற்றலின் பெயராலும் தள்ளிப் போடாதே. குருதி மிகுந்தால் வாகனத்தை அழை."

அவர் அவ்வகுப்பில் சேரவில்லை. பிரசவ அறையில் துணைக்கு வரும் தாய்மார்கள் இரவெல்லாம் நின்றுகொண்டே இருக்கின்றார்கள், உட்கார ஒன்றுமில்லை என்று மட்டும் எம்மிடம் குறைபட்டார். சென்ற மாதம் நம் பழைய மாணவர்கள் பணம் திரட்டி இரண்டு முக்காலிகள் வாங்கிக் கொடுத்தனர்.