தண்டனை வேறு, செலவு வேறு: வழக்கறிஞர் மீதான ஒழுங்கு விசாரணையில் செலவுத் தொகை

வழக்கறிஞர் மீது பார் கவுன்சிலில் புகார் கொடுத்து வென்றவருக்கு, விசாரணைக்கு ஆன செலவை எப்படிக் கணக்கிட்டுத் தருவது என்பதே இன்றைய பொருள். இதில் எனக்கும் சக ஆசிரியர்கள் சிலருக்கும் உள்ள கருத்து வேறுபாடு இந்த அவை அறிந்ததுதான். செலவுத் தொகையும் தண்டனையின் ஒரு பகுதியே, பார் கவுன்சிலின் ஒழுங்குக் குழுவுக்குச் சரியென்று பட்டதை மொத்தமாகப் போட்டால் போதும் என்பது அவர்கள் கட்சி. தண்டனை குற்றத்தின் அளவைப் பார்க்கட்டும், செலவு புகார்தாரரின் கைவிட்டுப் போன பணத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. 35(3) பிரிவின்படி குழு புகாரைத் தள்ளலாம், கண்டிக்கலாம், சில காலம் தொழில் செய்யத் தடை விதிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கலாம். அபராதத்துக்கு அங்கே இடமில்லை. செலவு தனியாக 43ஆம் பிரிவில் நிற்கிறது. மாநிலக் குழுவின் செலவு ஆணையை உயர் நீதிமன்ற ஆணையைப் போலவே நிறைவேற்றலாம். அப்படியிருக்க, செலவைத் தண்டனையாக்குவது சட்டம் தராத அபராதத்தைக் கொல்லைப்புற வழியாகக் கொண்டுவருவதாகும்.

நண்பர்கள் எப்போதும் காட்டும் சான்று நம் மாநிலத்திலிருந்தே போன ரங்கதுரை எதிர் கோபாலன் வழக்கு. காது கேளாத முதியவரும் அவர் மனைவியும் 15,000 ரூபாய்க்கும் 5,000 ரூபாய்க்குமான இரண்டு புரோநோட்டுகளின் மீது வழக்குப் போட ஒரு வழக்கறிஞரை நம்பினார்கள். தாக்கல் செய்யாத வழக்கைத் தாக்கல் செய்ததாகச் சொல்லி அவர்கள் ஏமாற்றப்பட்டார்கள்; கடனும் காலாவதியானது. மாநில பார் கவுன்சில் குழு ஆறு ஆண்டு தடை விதித்தது. இந்திய பார் கவுன்சில் அதை ஓராண்டாகக் குறைத்தது. 1978 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர், ஓராண்டு ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி செய்யவும், பாதிக்கப்பட்டவருக்கு 2,500 ரூபாய் கொடுக்கவும் ஆணையிட்டார். தண்டனையை இப்படி மாற்றியதில் நீதிபதி ஏ.பி. சென் உடன்படவில்லை. கிருஷ்ணய்யரின் மனிதநேயத்தை நானும் வணங்குகிறேன். ஆனால் அந்த 2,500 ரூபாய் எது? காலாவதியான கடனுக்கு ஈடா? வாய்தாக்களுக்கு அலைந்த செலவா? குற்றத்தின் விலையா? கடனுக்கு ஈடென்றால் 20,000 ரூபாய் முதலுக்கு முன் அது மிகச் சிறியது. செலவென்றால் பயணம், படியெடுப்பு, சாட்சி என்று ஒரு பட்டியலாவது வேண்டும். தண்டனை என்றால் 35(3) பிரிவில் அதற்குச் சொல்லில்லை. 43ஆம் பிரிவைத் தனியே எடுத்து, முதியவரிடம் செலவுப் பட்டியல் கேட்டிருந்தால், அவருக்குக் கிடைத்தது கருணைத்தொகையாக இராமல் உரிமைத்தொகையாக இருந்திருக்கும். இந்தத் தீர்ப்பைக் காட்டி இன்றைக்கும் மொத்தத் தொகை போதும் என்று வாதிடுவதைத்தான் நான் ஏற்கவில்லை.

புகார்தாரர் தகவல் சொல்பவர்தானே, அவருக்கு ஏது செலவு என்று கேட்கிறார்கள். 43ஆம் பிரிவு அப்படி ஒரு வரம்பு போடவில்லை. 37ஆம் பிரிவோ பாதிக்கப்பட்ட எவருக்கும் மேல்முறையீட்டு உரிமை தருகிறது. இந்த ஆர்.கே.பேட்டையின் நெசவாளி ஒருவர் தறியை நிறுத்திவிட்டுச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய்வருவது உண்மையான இழப்பு. செலவு, உண்மையில் ஆன நியாயமான தொகையாக இருக்க வேண்டும் என்று சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005இல் உரிமையியல் வழக்குகளுக்குச் சொன்னது. இங்கே மட்டும் அந்த அளவுகோல் ஏன் கூடாது? தோற்ற புகார்தாரர் தலையிலும் செலவு விழுமே என்ற அச்சம் நியாயமானது. நல்லெண்ணத்தோடு நடவடிக்கை எடுத்த ஒழுங்கு அமைப்பு, தோற்றது என்பதற்காக மட்டும் வழக்கமாகச் செலவு தர வேண்டியதில்லை என்று இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007இல் பேக்ஸென்டேல்-வாக்கர் வழக்கில் கூறியது. அந்தப் பாதுகாப்பு நம் எளிய புகார்தாரருக்கும் வேண்டும். வேண்டுமென்றே பொய்ப்புகார் கொடுத்தவர் மட்டும் கட்டட்டும்.

இனிச் செய்ய வேண்டியவை சில. செலவுப் பட்டியலுக்கு ஒரு படிவம் வேண்டும். மூவர் குழுவுக்கு நேரமில்லையென்றால் அலுவலகமே பட்டியலைச் சரிபார்க்கலாம். எல்லைக்கு அப்பால் ஆந்திரப் பதிவேட்டில் உள்ள வழக்கறிஞர் மீதான புகார் ஆந்திர பார் கவுன்சிலுக்கே போக வேண்டும். எல்லையோர மக்களின் அந்தக் கூடுதல் பயணச் செலவைத் தனியே ஆராய வேண்டும். 43ஆம் பிரிவின் கீழ் வந்த ஆணைகளைத் திரட்டி அச்சிடும் பணியை இளம் ஆய்வாளர் யாரேனும் ஏற்றுக்கொள்ளுங்கள்.