டாக்கோவின் விலை
(கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியது)



அமெரிக்க நகரங்களில் மெக்சிகோ சாப்பாட்டுக் கடைகள் ஏராளம். அதில் சிலது ரொம்ப நாகரிகமாகி, மங்கல் விளக்கும் பாட்டுமாக, டாக்கோ என்ற பண்டத்தை யானை விலைக்கு விற்குது. அது வேறொன்றுமில்லை, மக்காச்சோள ரொட்டியில் கறி, வெங்காயம், மல்லித்தழை வைத்து மடித்ததுதான். நம்ம மிளகாய்க்கும் பூர்வீகம் அந்தப் பக்கம்தான்!

அந்த ரொட்டியின் பக்குவம் கிராமத்துப் பெண்களுடையது. சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணியில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, தோல் கழுவி, மண்டிபோட்டுக் கல்லில் அரைப்பார்கள். நம்ம அம்மி மாதிரிதான். சுண்ணாம்பு பட்டால்தான் சோளத்தின் நியாசின் சத்து உடம்பில் ஒட்டும். இது தெரியாமல் வெறும் சோளத்தையே தின்ற ஐரோப்பிய ஏழைகள் பலர் பெல்லக்ரா நோயில் செத்தார்கள்.

2007-ல் மெக்சிகோவில் ரொட்டி விலை ஏறியதும் பல்லாயிரம் பேர் தலைநகரில் ஊர்வலம் போனார்கள். கிலோ எட்டரை பெசோவுக்கு மேல் விற்காதபடி அரசு வியாபாரிகளோடு ஒப்பந்தம் போட வேண்டியதாச்சு. ஏழைக்கு அதுதானே சோறு.

நாகரிகக் கடையின் விலையில் வாடகை, விளக்கு எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. நாம் சந்தையில் விற்கும் கம்பு அடைக்கு, அரைத்தவர் கூலியைக் கணக்கில் எழுதுகிறோமா? அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் நோட்டைக் கொண்டு வாங்க, சேர்ந்து பார்ப்போம்.