மதிப்பெண் கேட்காத பல்கலைக்கழகம்

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971 ஜனவரியில் பாடம் நடத்தத் தொடங்கியபோது, சேர வந்தவர்களிடம் பள்ளி மதிப்பெண்ணைக் கேட்கவில்லை. லாரி ஓட்டுநரும் சேரலாம், பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய தாயும் சேரலாம். முதல் ஆண்டிலேயே இருபதாயிரம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள்.

கதவைத் திறந்ததோடு நிற்காமல் பாடத்திட்டத்தையும் மாற்றினார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. படிப்பை விட்டுப் பல வருடம் ஆனவர்களை மனதில் வைத்தே அடிப்படைப் பாடங்களை எழுதினார்கள். பிபிசி வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பாடம் நடந்தது. தேர்ச்சி பெற்ற பாடங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து பட்டமாகும். இடையில் ஓராண்டு விட்டாலும் படித்தது வீணாகாது.

இந்தப் பல்கலைக்கழகம் அமையப் பாடுபட்ட அமைச்சர் ஜென்னி லீ, பட்டத்தின் தரம் குறையவே கூடாது என்பதில் உறுதியாக நின்றார். சேர்க்கையில் தாராளமும் தேர்வில் கண்டிப்பும் சேர்ந்த இந்த வழியை நம் கல்லூரிகளும் துணிந்து எடுக்க வேண்டும்.