பால்குடிப் பிள்ளைக்கு ஒரு கொட்டில்

(துணுக்காயில் கமக்காரர் முன் ஆற்றிய உரை)



தாய்ப்பாலின் சிறப்பைப் புகழ நான் வரவில்லை. அதனை நம் தாய்மார் அறிவர். 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இலங்கையில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் ஒன்றையே உண்டனர். செல்வம் மிக்க நாடுகள் பல இந்த அளவை எட்டவில்லை.

ஆனால், களை பிடுங்கும் நாளில் அந்தத் தாய் என் செய்வாள்? 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், ஒரு வயது நிறையாத பிள்ளைக்குப் பாலூட்ட நாளுக்கு இரு இடைவேளைகள் வழங்குகின்றது. வேலைத்தலத்தில் பிள்ளைக் காப்பகம் இருப்பின் அரை மணி. இல்லையேல் ஒரு மணி. நல்ல சட்டந்தான். சொந்த வயலில் இறங்குகிறவளுக்கு முதலாளி யார்? எவரிடம் அவள் இடைவேளை கேட்பாள்?

முன்னர் பேர்த்தியாரும் சின்னம்மாவும் ஒரே வளவில் இருந்தனர். பாற்சுறா ஆக்கிக் கொடுக்கவும், பிள்ளையை ஏந்தவும் கைகள் இருந்தன. 2009இன் அழிவுக்குப் பின் மீளக் குடியேறிய குடும்பங்கள் பல அவ்வாறு ஒன்றுசேரவில்லை. குடும்பநல மாது வீடு தேடி வருகிறார். வயலில் பிள்ளை பார்ப்பது அவர் வேலையன்று.

நீர் திறக்கும் நாளையும், மாடு அகற்றும் நாளையும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் கூடியே தீர்மானிக்கிறோம். மாட்டுக்கு வழி காணும் கூட்டம் மகவுக்கு வழி காணலாகாதா? வயல்வெளிக்கு ஒரு நிழற்கொட்டில், ஒரு குடம் நன்னீர், பிள்ளை பார்க்க ஒரு மூதாட்டி, அவருக்கு அறுவடையில் நெல். பாலூட்டும் நேரத்துக்குக் கூலி குறைப்பதில்லை என்றொரு தீர்மானம். வரும் காலபோகக் கூட்டத்திலேயே இதனை முன்வையுங்கள். தாய்மாரும் அங்கு வந்து பேசட்டும்.