சான்றிதழை வாடகைக்கு விடலாமா?
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சில மருந்துக்கடைகளில் பார்மசிஸ்ட்டின் சான்றிதழ் சுவரில் தொங்கும், ஆளைக் காணோம். பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டு மருந்தியல் சட்டம் சொல்கிறது. ஆனாலும் சான்றிதழை வாடகைக்கு விடும் பழக்கம் போகவில்லை. அது எங்கள் கம்ப்யூட்டர் நெட்வொர்க் துறைக்கும் வந்துவிட்டது.

சிஸ்கோ, மைக்ரோசாப்ட் போன்ற நிறுவனங்கள், தங்கள் சாதனங்களை விற்று அமைத்துத் தரும் கம்பெனிகளுக்குத் தரம் வழங்குகின்றன. அதற்குத் தேர்வில் வென்ற இத்தனை பேர் வேலையில் இருக்க வேண்டும் என்பது விதி. சிஸ்கோவின் 'கோல்டு' தரத்துக்குப் பல ஆண்டுகள் நான்கு சி.சி.ஐ.இ. நிபுணர்கள் தேவைப்பட்டார்கள். 1993-இல் தொடங்கிய அந்தத் தேர்வில் இன்று செய்முறை மட்டும் எட்டு மணி நேரம். அப்படிப்பட்டவருக்கு முழுச் சம்பளம் தர மனமில்லாத கம்பெனி, "நீங்க வர வேண்டாம் சார், நம்பரை மட்டும் குடுங்க, மாசாமாசம் பணம் வந்துடும்" என்கிறது. என்னிடமும் கேட்டார்கள், மறுத்துவிட்டேன்.

"இதுல யாருக்குங்கண்ணா நஷ்டம்?" என்றான் ஒரு தம்பி. தேயிலைக்கு விலையில்லாத வருஷத்தில் கடன் வாங்கிப் பரீட்சை எழுதியவன். அப்போது செய்முறைத் தேர்வுக் கட்டணமே சுமார் 1,600 டாலராக இருந்தது. அவன் கஷ்டம் எனக்குப் புரிகிறது.

ஆனால் அந்தத் தரத்தை நம்பி வேலையை ஒப்படைத்தது ஒரு ஆஸ்பத்திரியாக இருக்கலாம். 2009 நவம்பர் நிலச்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த மலை இது. ரோடு அடைபட்ட ராத்திரியில் ஒரு ஸ்கேன் படம் கோவை டாக்டருக்குப் போக வேண்டும், லைன் இல்லை என்றால்? காகிதத்தில் இருக்கும் நிபுணர் துபாயில் தூங்கிக்கொண்டிருப்பார்.

இன்னொரு நஷ்டம் நம் பிள்ளைகளுக்கே. நான்கு வாடகை நம்பர் போதும் என்றால், அடுத்து தேறி வரும் நான்கு பேருக்கு வேலை எங்கே?

கூப்பிட்டால் வந்து நிற்பேன் என்ற வாக்குதான் சான்றிதழ். வாக்கை வாடகைக்கு விட முடியுமா?

புத்திமதி மட்டும் போதாது. தேர்வுக் கட்டணத்துக்கு வட்டியில்லாக் கடன் நிதி ஒன்றை நம் சங்கம் தொடங்கட்டும். என் பங்கை இன்றே தருகிறேன்.